பூசையில் வைத்த நோட்டு

வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். என் மகள் பிரவீனா பள்ளிச் சீருடையோடு தன் படிப்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எந்நேரமும் புத்தகமும் நோட்டும் பென்சில் சீவலுமாகக் கிடக்கும் மேசை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. என் மனைவி ஷர்மினி வடிதட்டில் அவித்த கடலையோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, செய்தது அவள்தான்.

"அம்மா என் நோட்ட கோயில்ல குடுத்துட்டாங்கப்பா" என்றாள் பிரவீனா.

"சரஸ்வதி பூசைக்குத்தானே குடுத்தேன்? என்னமோ குப்பையில போட்ட மாதிரி கத்துறா" என்றாள் ஷர்மினி.

எனக்கு முதலில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. வருசா வருசம் வீட்டுச் சாமி மேடையில் நாலு புத்தகத்தை வைத்துக் கும்பிடுவோம். அன்றைக்கு ஒரு நாள் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. விஜயதசமி காலையில் எடுத்துக்கொள்வோம். சின்ன வயதில் இந்த ஒரு நாளுக்காகவே எனக்குச் சரஸ்வதியை ரொம்பப் பிடிக்கும். இந்த வருசம் எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் வாட்ஸ்அப் குழுவில், மாணவர்களின் புத்தகங்களைக் கோயிலிலேயே வைத்துப் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யப்படும், பகல் இரண்டு மணிக்குள் ஒப்படைக்கவும் என்று அறிவிப்பு வந்திருந்தது. ஷர்மினி அதைப் பார்த்துவிட்டாள். அரை நாள் லீவு போட்டு வந்து, மேசையில் இருந்ததை மொத்தமாக ஒரு பையில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்.

"சரி, நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம். இதுக்கு எதுக்கு இப்படி அழுவுற?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு லிட்ரேச்சர் பேப்பர்பா. படிச்சதப் பத்தி எழுதுற ஜர்னல் அந்த நோட்டுதான், பேப்பருக்கு முன்னால அத டீச்சர் கையில குடுக்கணும். அதுக்கு மட்டும் நாப்பது மார்க்."

அப்போதுதான் எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

இந்த லிட்ரேச்சர் கதையைச் சொல்ல வேண்டும். பிரவீனா படிவம் நான்கு. அடுத்த வருசம் எஸ்.பி.எம். அரசாங்கப் பரீட்சை. சயின்ஸ் வகுப்பில் இருக்கும் பாடங்கள் போதாதென்று, ஆங்கில இலக்கியத்தையும் எடுப்பேன் என்று வருசத் தொடக்கத்தில் வந்து நின்றாள். எதற்கு என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள். என்னோடு வேலை செய்யும் லோகேஸ்வரன், "வேணாண்டா, அதுல ஏ கெடைக்காது, மொத்த ரிசல்ட்டையும் இழுத்து விட்டுரும்" என்றான். அவன் மகன் கணக்கியல் படித்துவிட்டு இன்றைக்குச் சிங்கப்பூரில் ஏசி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். நான் வேண்டாம் என்றேன். அவள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அந்தப் பாடத்தை நடத்தும் சுகந்தினி டீச்சர் ஒரு கடிதம் அனுப்பினார். ஆண்டு இறுதியில் நூற்றுக்கு அறுபது எடுப்பவர்களை மட்டுமே எஸ்.பி.எம்.முக்குப் பதிவு செய்வேன், மற்றவர்கள் விட்டுவிட வேண்டும், சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று. நான் சந்தோசமாகப் போட்டேன். அறுபது எங்கே வரப்போகிறது என்ற தைரியம்தான்.

சுகந்தினி டீச்சர் சிலோன்காரர் வீட்டுப் பெண். தாத்தா காலத்திலிருந்தே ரயில்வேயிலும் கவர்மெண்டு ஆபீசிலும் இங்கிலீஷோடு புழங்கிய குடும்பம். நாங்கள் கூலாய் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலையோடு புழங்கிய குடும்பம். நான் பாசிர் கூடாங்கில் எண்ணெய்க் கம்பெனியில் பீப்பாய் நிரப்பும் பகுதிக்குச் சூப்பர்வைசர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்தப் பீப்பாய் மேல் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ். அதைக் குறையாகவும் நினைத்ததில்லை. ஆனால் இந்தப் பத்து மாதமாக வீட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் சோறு வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிரவீனா கேட்டாள். பசியில்லை என்றேன். "இல்லப்பா, அதுக்குப் பின்னால வேற ஏதோ இருக்கு" என்றாள். பின்னால் என்ன இருக்கும், கேன்டீனில் தின்ற நாசி லெமாக்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் ஏன் சிரித்தாள், பாட்டு நடுவில் நின்றால் ஏன் நின்றது, எல்லாவற்றுக்கும் ஒரு பின்னால் உண்டு.

அதைவிட எரிச்சல், ஓரத்தில் எழுதுவது. புத்தகத்தின் ஓரம், நோட்டின் ஓரம், எங்கே கொஞ்சம் வெள்ளை தெரிந்தாலும் பென்சிலால் எதையாவது கிறுக்குவாள். "எழுதுனா உள்ள எழுது, இல்லன்னா விடு. இது என்ன ஓரத்துல?" என்று ஒரு நாள் கத்தினேன். படித்து முடித்த பிறகு மனசு மாறினால் முன்னே எழுதியதை அழிக்கக் கூடாதாம், பக்கத்தில் ஓரமாக எழுத வேண்டுமாம். டீச்சர் சொன்னாராம். மனசு மாறினால் அழித்துவிட்டு எழுதுவதுதானே உலக வழக்கம்?

அந்த ஓரக் கிறுக்கல்கள் நிறைந்த நோட்டுதான் இப்போது கோயிலில் இருந்தது.

"போட்டோ எடுத்து வைக்கலியா?"

"நூத்தி இருபது பக்கம்பா. டீச்சருக்கு நோட்டுதான் வேணும்."

"டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லு."

"பண்ணிட்டேன். போன வாரமே குடுத்திருக்கலாம்ல, எல்லாரும் குடுத்துட்டாங்கன்றாங்க. ஒருத்திக்கு மட்டும் தேதி மாத்த முடியாதாம்."

"நீ ஏன் குடுக்கல?"

"இன்னும் எழுதிக்கிட்டு இருந்தேன்."

ஷர்மினி பக்கம் திரும்பினேன். "உனக்குத்தான் என்ன அவசரம்? அந்த ஒரு நோட்ட விட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"

"எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் உடைந்தது. "எந்நேரமும் அதத்தான் எழுதிக்கிட்டு இருந்தா. அதான் முக்கியம்னு அத மேலாக்க வைக்கச் சொன்னேன். குருக்கள்கிட்டச் சொல்லி அதுக்கு ஒரு பூ தனியா வைக்கச் சொன்னேன்."

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், திரும்ப ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கோயில் தலைவர் காளியப்பன் அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் பாதுகாவலராக இருந்தவர். உள்ளே போகிறவன் பாஸ் இல்லாமல் வந்தால், அவன் மேனேஜராக இருந்தாலும் நிறுத்திவிடுவார். அந்தப் பெருமையை ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை.

விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கலசம் வச்சாச்சு தம்பி. இனிமே நகத்தக்கூடாது" என்றார்.

"ஒரு நோட்டுதாண்ணே. மேலாக்கத்தான் இருக்கு. அப்படியே கையை நீட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

"இன்னைக்கு உனக்கு எடுத்துக் குடுத்தா, நாளைக்கு நூத்தி எம்பது பேருக்கு என்ன பதில் சொல்றது? டோக்கன் குடுத்திருக்கோம்லா. உங்க வீட்டுக்கு அறுபத்து மூணு. நாளைக்குக் காலைல ஆறரைக்குப் பூச. ஏழு மணிக்கு வரிசையாக் கூப்பிடுவோம்."

சிலைக்கு முன்னால் நீள மேசை போட்டு, மஞ்சள் துணி விரித்து, புத்தகங்களை மலை மாதிரி அடுக்கியிருந்தார்கள். கணக்கு, இயற்பியல், வரலாறு, பாலர் பள்ளி வாய்ப்பாடு எல்லாம் சேர்ந்து கிடந்தன. இடது பக்க ஓரத்தில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டும் அதன் மேல் ஒரு செம்பருத்தியும் தெரிந்தன. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. மறைக்க விரும்பவில்லை, வந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். நாற்பது மார்க் போனால் மீதி அறுபதில் அறுபதும் எடுக்க இவள் என்ன சரஸ்வதியா? லிட்ரேச்சர் தானாகப் போய்விடும். பத்து மாதமாக நான் கத்தி நடக்காதது, ஷர்மினியின் பக்தியால் நடந்துவிடும். என் மேல் ஒரு பழியும் இல்லை. எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அம்பாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னேன். "தர முடியாதுன்னுட்டாரு. நாளைக்கு ஏழு மணிக்கு மேலதான். எனக்கு ஏழு மணிக்கு ஷிப்டு. அம்மாவுக்குக் கம்பெனி பஸ் அஞ்சே முக்காலுக்கு. என்ன பண்றது?"

பிரவீனா அழவில்லை. அழுது முடித்திருந்தாள் போல. என்னை நேராகப் பார்த்து, "நீங்க நெனச்ச மாதிரியே ஆயிருச்சுல்லப்பா" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. அவளுக்கா எனக்கா என்று கேட்டால் தெரியாது. நான் நினைத்தது உண்மைதான். அதை அவள் எப்படிக் கண்டுபிடிக்கலாம்? எல்லாம் அந்தப் பாடம் சொல்லிக்கொடுத்த வேலை. ஷர்மினி கடலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து லோகேஸ்வரனைக் கூப்பிட்டு, காலையில் ஒரு ஒன்றரை மணி நேரம் என் இடத்தைப் பார்த்துக்கொள் என்றேன். "ஏன், என்ன விசயம்?" என்றான். "லிட்ரேச்சர்" என்றேன். சிரித்தான். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் கம்பெனிச் சட்டையோடு கோயிலில் இருந்தேன். பிரவீனா பள்ளி வேனில் போய்விட்டாள். ஏழே முக்காலுக்குள் வாசலில் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

ஆறரைக்குப் பூசை தொடங்கவில்லை. தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை என்றார்கள். விஜயதசமிக்கு எதற்குத் தலைமை விருந்தினர்? கேட்டால் காளியப்பன் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பக்கம் முதன்முதலாக எழுத வந்த குழந்தைகள் தட்டில் பரப்பிய அரிசியோடு உட்கார்ந்திருந்தன. ஒன்று அரிசியைத் தின்றது. ஒன்று வீட்டுக்குப் போவோம் என்று கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குழந்தையோடு எனக்கு முழுச் சம்மதம். விருந்தினர் ஏழு மணிக்கு வந்து, மாலை வாங்கி, கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். கல்விக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தீபாராதனை முடிந்து, குருக்கள் எல்லார் கையிலும் குங்குமம் கொடுத்து முடிக்கும்போது ஏழு இருபது.

"டோக்கன் நம்பர் ஒண்ணு!" என்று காளியப்பன் அண்ணன் மைக்கில் கூப்பிட்டார்.

நேராக முன்னால் போனேன். "அண்ணே, பிள்ளைக்கு எட்டு மணிக்குப் பரீட்ச. நேத்தே சொன்னேன்."

"டோக்கன் எங்க தம்பி?"

டோக்கன் ஷர்மினியின் கைப்பையில், ஷர்மினி கம்பெனியில். எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. மைக் ஆன் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. "ஒரு வருசம் உக்காந்து எழுதியிருக்குண்ணே அந்தப் புள்ள. நூத்தி இருபது பக்கம். நாந்தான் வேணாம் வேணாம்னேன், அப்பவும் எழுதிச்சு. இப்ப அது கெட்டுப் போனா நாந்தான் கெடுத்தேன்னு ஆயிரும். எனக்கு அந்தப் பேரு வேணாம்!" என்று கத்தியது மட்டும் தெரியும். கோயிலே என் பக்கம் திரும்பியது. அரிசி தின்ற குழந்தைகூட என்னைப் பார்த்தது. காளியப்பன் அண்ணன் மைக்கை அணைத்தார். மேசைக்குப் போய் நீல நோட்டை எடுத்து, செம்பருத்தியைக் கவனமாக அம்பாள் காலடியில் வைத்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"உள்ள பேரு சரியா இருக்கான்னு பாத்துக்க. வேற ஆளு நோட்டக் கொண்டு போயிடப் போற" என்றார்.

அதற்காகத்தான் திறந்தேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று, ஒரு கையில் குங்குமம், மறு கையில் நோட்டு. முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. மூடியிருக்க வேண்டும். பக்கங்கள் தானாக நடுவில் ஒரு இடத்தில் விரிந்தன. அங்கே 'மை ஃபாதர்' என்று இருந்தது. அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்த பிறகு எந்த அப்பனால் நோட்டை மூட முடியும்?

வகுப்பில் அவர்கள் படிக்கும் நாவலைப் பற்றி அவள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள், நான் பாதிதான் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். தினமும் எல்லாரையும் ரயிலேற்றி விடுகிறவன், தன் மகளை மட்டும் ஏற விடமாட்டான். உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்காக வக்கீலாக நின்று வாதாடுங்கள் என்று டீச்சர் எழுதச் சொல்லியிருக்கிறார். இவள் அந்த ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்திருக்கிறாள். அதற்குள் என்னை இழுத்திருக்கிறாள்.

மெதுவாகப் படித்தேன். நேரமாகிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். எங்கள் கம்பெனிக் குடும்ப தினத்தைப் பற்றி எழுதியிருந்தாள். மேடையில் பெரிய மேனேஜர் இங்கிலீஷில் ஒரு ஜோக் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், என் அப்பா முதலில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார் என்று எழுதியிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, நான் தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன் என்றும் எழுதியிருந்தாள். எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. திரும்பி வந்து எனக்கும் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தாள். நான் எவ்வளவு பெருமையாக வாங்கிக் குடித்தேன்!

அதற்குக் கீழே, ஸ்டேஷன் மாஸ்டருக்கு மகள் போய்விடுவாள் என்று பயமில்லை, திரும்பி வரும்போது அவள் பேசுவது தனக்குப் புரியாமல் போய்விடுமோ என்றுதான் பயம் என்று இருந்தது. நடுவில் தெரியாத வார்த்தை ஒன்றிரண்டு இருந்தன. போனில் பார்த்திருக்கலாம். தேவைப்படவில்லை. கடைசி வரியில் சின்னச் சின்ன வார்த்தைகள்தான். எனக்கும் அதே பயம் இருக்கிறது, என்று.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன? சுகந்தினி டீச்சர் இதைப் படிப்பார். இங்கிலீஷோடு பிறந்தவர், நான் ஜோக் புரியாமல் சிரித்ததைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு மார்க் போடுவார். அடுத்த பெற்றோர் சந்திப்பில் அவர் முன்னால் எப்படிப் போய் உட்காருவேன்? நூற்று இருபது பக்கத்தில் ஒரு பக்கம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது. அதோடு, இவள் என்னை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாளே என்றும் இருந்தது. விரலை எடுத்தபோது, குங்குமம் ஓரத்தில் அப்படியே ரேகையோடு பதிந்திருந்தது. துடைத்தேன். இன்னும் பரவியது. மணி ஏழு முப்பத்து மூன்று.

பெர்மாஸ் ஜெயா சாலையில் அந்த நேரத்து நெரிசலைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பள்ளிக்கூட வேன்களும் சிங்கப்பூருக்குப் பிந்திவிட்ட கார்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நடைபாதையில் ஏற்றி ஓட்டினேன். நோட்டு சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டியிருந்தது. பள்ளி வாசலில் ஏழு நாற்பத்தாறு. பிரவீனா கேட்டுக்கு உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மலாய்க்காரப் பாதுகாவலர், "சீக்கிரம், பாங்" என்று அண்ணன் முறை வைத்து அவசரப்படுத்தினார்.

கம்பி வழியாகக் கொடுத்தேன். வாங்கியவள் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். வேறு எந்தப் பக்கத்தையும் அவள் தேடவில்லை. அங்கேயே வந்து நின்றாள். ஓரத்தில் சிவப்பாக என் கட்டைவிரல். தலை நிமிரவில்லை.

"படிச்சீங்களாப்பா?"

"பூசையில வச்சத யாராச்சும் படிப்பாங்களா?" என்றேன். "போ, நேரமாச்சு. ஒழுங்கா எழுது. அறுபது எடுக்கல, அப்பறம் இருக்கு."

ஒரு வினாடி என்னைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கத் தெரிந்தவள் அவள்தான். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

நான் ஷிப்டுக்குப் போயிருக்க வேண்டும். லோகேஸ்வரன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். பாதுகாவலர் கேட்டைச் சாத்திவிட்டு, இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தார். மணி அடித்தது. கடைசிப் பிள்ளைகள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிரவீனா மட்டும் படிக்குக் கீழே நின்றுவிட்டாள். அறிவு கெட்ட பிள்ளை, மணி அடித்த பிறகு அங்கே என்ன செய்கிறாள்? நோட்டைத் தூணில் வைத்து விரித்து, பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்து, குனிந்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எதையோ எழுத ஆரம்பித்தாள்.